மீட்க இரண்டு கை

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு என்று இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது என்றால் பாதிப் பேர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டு நிற்கும்போது வெளியே எடுக்க வருகிற ஆள், முந்தின நாள் அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவனாக இருப்பான். பதினோரு வருஷமாக நடக்கிறது. உள்ளே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எண்ணெய் டப்பா, மொட்டை மாடி, பூனை, ஒட்டகம் என்று ஆளுக்கொரு பட்டம். ஒயரிங் சந்தேகத்தில் ஆரம்பிக்கிற பேச்சு, பத்தாவது பதிலில் அடுத்தவன் பரம்பரையை இழுத்துக்கொண்டு வந்து நிற்கும்.

இந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்க்க மூன்று பேர். மன்றத்தை ஆரம்பித்தவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் ஆய்வாளர். லிஃப்ட் வேகம் மீறினால் பிடித்து நிறுத்துகிற உறுப்புக்கு கவர்னர் என்று பெயர். வாய் மீறுகிறவர்களைப் பிடித்து நிறுத்துகிறார் என்று இவருக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். இரண்டாவது ஆள் கம்ப்யூட்டர் வேலை தெரிந்த ஒருவன். மூன்றாவது ஆள் அவனுடைய அக்கா. ஒரு லிஃப்ட் கம்பெனியில் புகார் ஃபோன் எடுக்கிறவள். நாம் பார்க்கப் போவது இந்த அக்காவைத்தான்.

மூவரும் வெளியே தெரிவது "நிர்வாகம்" என்ற ஒரே பெயரில். அதற்கும் காரணம் இருக்கிறது. ஆரம்பத்தில் அக்கா சொந்தப் பெயரில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விலக்கி வைத்த ஒரு புண்ணியவான் எப்படியோ நம்பரைக் கண்டுபிடித்து, மூன்று வாரம் வேளை தவறாமல் கூப்பிட்டுத் திட்டினான். அதற்கப்புறம்தான் கவர்னர் எல்லாரையும் ஒரே போர்வைக்குள் போட்டார். யார் எதை நீக்கினார்கள் என்பது இயந்திரத்துக்கு மட்டும் தெரியும்.

கவர்னர் போட்ட இன்னொரு விதி உண்டு. ஒரு பதிவை நீக்க ஒரு கை போதும். மீட்க இரண்டு கை வேண்டும், நீக்கியவர் கை அதில் சேராது. வேண்டியவன் பதிவை ஆளாளுக்குத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தால் மன்றம் சந்தைக்கடை ஆகிவிடும் என்பது அவர் வாதம். நீக்கியது முப்பது நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். அப்புறம் அடியோடு போய்விடும்.

நீக்கும்போது "காரணம்" என்று ஒரு கட்டம் வரும். காலியாக விட்டால் இயந்திரம் ஒத்துக்கொள்ளாது. அதனால் மூவரும் அதில் ஒரு புள்ளி வைத்தார்கள். நாளைக்கு முப்பது பதிவை நீக்குகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் கட்டுரையா எழுதுவார்கள்? புள்ளி வைத்தால் கதவு திறந்தது. பதினோரு வருஷத்தில் லட்சத்துச் சொச்சம் புள்ளி.

அன்றைக்கு மதியம் ஒன்று இருபதுக்கு, புகார் மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்கா வழக்கம்போல ஃபோனில் மன்றத்துக்குள் போனாள். புதுக் கணக்கு ஒன்றிலிருந்து இப்படி ஒரு பதிவு வந்திருந்தது:

"நான்தான் ஒட்டகம். போன மாசம் பிரேக் லைனிங் பத்தி படத்தோட எழுதினேன். அதை நீக்கிட்டீங்க, என்னையும் வெளியே தள்ளிட்டீங்க. ஏன்னு கேட்டு நாலு மெயில் போட்டேன், பதில் இல்லை. இன்னைக்கு மூணு மணிக்கு கம்பெனியில விசாரணை. லிஃப்ட் சறுக்கினதுக்கு நான்தான் காரணம்னு எழுதப் போறாங்க. முன்னாடியே எச்சரிச்சேன்னு சொன்னா ஆதாரம் கேக்கறாங்க. படம் எடுத்த ஃபோன் கம்பெனியோடது, பிடுங்கிக்கிட்டாங்க. அந்தப் பதிவு ஒண்ணுதான் மிச்சம். கால்ல வேணாலும் விழறேன், திருப்பிக் குடுங்க."

விலக்கப்பட்ட ஆள் வேறு கணக்கில் வந்தால் அதையும் உடனே விலக்கு என்பது விதி. அக்காவின் விரல் பாதி தூரம் போய்விட்டது. அந்த நாலு மெயில்தான் அதைத் தடுத்தது. நிர்வாகத்துக்கு என்று பொதுவாக ஒரு மெயில் பெட்டி இருந்தது உண்மை. அதைத் தம்பி பார்க்கிறான் என்று அவள் நினைத்தாள், அக்கா பார்க்கிறாள் என்று தம்பி நினைத்தான், இரண்டு பேரும் பார்க்கிறார்கள் என்று கவர்னர் நிம்மதியாக இருந்தார். திறந்து பார்த்தாள். நாலும் படிக்கப்படாமல் இருந்தன. நாலாவது மெயிலில் "ஐயா, தயவுசெய்து" என்று மட்டும் இருந்தது.

அக்காவுக்குக் கோபம் வந்தது. கவர்னர் மேல்தான். அவருக்கு ஒட்டகத்தைக் கண்டால் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். "எந்த மகராசன் செஞ்ச வேலைன்னு தெரியாதா எனக்கு" என்று முணுமுணுத்தபடி குப்பைத் தொட்டியைத் தோண்டினாள். கிடைத்தது. முதல் வரி மட்டும் தெரிந்தது. நீக்கியவர்: நிர்வாகம். காரணம்: ஒரு புள்ளி. முற்றிலும் அழிய: இருபத்தொன்பது நிமிடம்.

மீட்க என்ற பொத்தானை அழுத்தினாள்.

"நீங்கள் நீக்கிய பதிவை நீங்களே மீட்க இயலாது" என்று பதில் வந்தது.

இன்னொரு தரம் அழுத்தினாள். அதே பதில். அடுத்தவனைக் கை நீட்டி ஏசிக்கொண்டிருக்கும்போது கண்ணாடியைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே வைத்த மாதிரி இருந்தது. மெதுவாக ஞாபகம் வந்தது. இதே நாற்காலி, இதே சாப்பாட்டு நேரம். மூன்று பேர் புகார் அழுத்தியிருந்தார்கள். முதல் வரியில் "திருட்டுப் பயலுங்க" என்று இருந்தது. வலது கையில் ஸ்பூன், இடது கையில் ஃபோன். இடது கட்டைவிரலாலேயே எல்லாம் முடிந்தது. ஆளை முப்பது நாள் விலக்கியதும் அதே விரல்தான்.

இப்போது, முதல் தடவையாக, முழுசாகப் படித்தாள்.

"இந்தத் திருட்டுப் பயலுங்க குடுத்த லைனிங்கை நம்பி எவனும் லிஃப்டுக்குள்ள போகாதீங்கடா. புதுசா வந்த சரக்கு. ஆறு லிஃப்ட்ல மாட்டிட்டேன். நாலே நாள்ல பட்டை கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிடுது. சூடு ஏறினா பிரேக் பிடிக்கறதில்லை, வழுக்குது. சூபர்வைசர்கிட்ட சொன்னா, நீ சரியா முடுக்கலைங்கறார். கீழே படம் இருக்கு. இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு, சரக்கு நம்பர் தெரியும். மாட்டின லிஃப்ட் நம்பரும் போட்டிருக்கேன். எனக்கு பயமே அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்தான். நாள் பூரா கட்டிலோட ஆளை ஏத்தி இறக்கறாங்க, மோட்டார் ஆறவே ஆறாது. பெரியவங்க யாராவது படிச்சா மேல ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா எடுபடலை."

லிஃப்ட் நம்பர்களை அக்கா இரண்டு தரம் படித்தாள். அந்த மாதிரி நம்பரை அவள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை தட்டச்சு செய்கிறாள். அவளுடைய கம்பெனி நம்பர். ஆபீஸில் மெக்கானிக்குகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை, பார்க்கிற வட்டாரத்தை வைத்து ரூட் ஒண்ணு, ரூட் ரெண்டு என்றுதான். ஆஸ்பத்திரி இருப்பது நாலாவது ரூட்டில். மூன்று வருஷமாக முகம் பார்க்காமல் ஃபோனிலேயே விரட்டி விரட்டி வேலை வாங்கிய ரூட் நாலும், மன்றத்தில் எல்லாரையும் வம்புக்கு இழுக்கிற ஒட்டகமும் ஒரே ஆள்.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஃபோனை எடுத்ததும் அவள்தான். பதிவை நீக்கிப் பதினெட்டாம் நாள். கட்டிலை உள்ளே தள்ளும்போது லிஃப்ட் கீழே சறுக்கியிருக்கிறது. வார்டில் வேலை பார்க்கிற அம்மா ஒருத்திக்குத் தளத்துக்கும் லிஃப்டுக்கும் நடுவில் கால் மாட்டிக்கொண்டது. ஃபோனில் நர்ஸ் பேசியது ஒன்றும் புரியவில்லை, பின்னாலிருந்து வந்த அலறல்தான் கேட்டது. "பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்கார்" என்று சொல்லிவிட்டு ரூட் நாலுக்குத்தான் அடித்தாள். பன்னிரண்டு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தான். அந்த அம்மா இன்னும் ஆஸ்பத்திரியைவிட்டு வரவில்லை. இனிமேல் பழையபடி நடப்பாளா என்று டாக்டர்களே சொல்லவில்லை.

மணி ஒன்று இருபத்தெட்டு. தம்பியைக் கூப்பிட்டாள். அவன் எடுத்ததும் எடுக்காததுமாக விஷயத்தைக் கொட்டினாள்.

"என் கை வச்சுட்டேன்கா" என்றான் தம்பி. "இன்னும் ஒண்ணு வேணும். சாரைப் பிடி."

"அவர் எடுக்கலைன்னா என்ன செய்யறது? நீ பின்பக்கமா நுழைஞ்சு எடுத்து வச்சிடேன்டா."

"வைக்கலாம். ஆனா முறையா மீட்டாத்தான் போட்ட தேதி, நீக்கின தேதி எல்லாம் கூடவே வரும். பின்பக்கமா எடுத்தா அது வெறும் எழுத்து. இப்பதான் உக்காந்து அடிச்சேன்னு எவனாவது சொன்னா நான் என்ன பதில் சொல்றது?"

கவர்னர் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. எதிர் மேசைப் பெண் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, "என்னக்கா, முகமே சரியில்லை?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள், அக்காவுக்கு நம்பரைக்கூடச் சரியாகத் தட்ட வரவில்லை. ஆறாவது தடவை, ஒன்று முப்பத்தொன்பதுக்கு எடுத்தார்.

"ஏம்மா, இப்படி விடாம அடிக்கறே? கண் ஆஸ்பத்திரியில இருக்கேன். மருந்து ஊத்தி உக்கார வச்சிருக்காங்க. உலகமே வெள்ளையா இருக்கு."

சொன்னாள். கவர்னர் கேட்டுக்கொண்டார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால்தான்.

"அவன் வாய் சரியில்லாத ஆளு. அதுவும் படிக்காம நான் எதிலயும் கை வைக்கறதில்லை. முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ்ல ஒரு காகிதத்தைக்கூடப் படிக்காம கையெழுத்துப் போட்டதில்லை. சாயந்திரம் கண் தெளிஞ்சதும் பாக்கறேன்."

"சாயந்திரம் இருக்காது சார். ஒண்ணு அம்பத்திரண்டுக்கு அழிஞ்சிடும்."

"அப்ப நீ படி. நான் கேக்கறேன்."

படித்தாள். ஆபீஸில் பாதிப் பேர் சாப்பிட்டுத் திரும்பிவிட்டார்கள், ஆகவே குரலைத் தாழ்த்தி, மேசைக்கு அடியில் குனிந்து படித்தாள். திருட்டுப் பயலுங்க என்ற இடத்தில் கவர்னர் "உம்" என்றார். லைனிங் கண்ணாடி மாதிரி ஆகிறது என்ற இடத்தில் "இரு, இரு. எத்தனை நாள்ல?" என்று கேட்டார். நாலு நாள் என்றாள். அவர் அப்புறம் உம் கொட்டவே இல்லை. ஆஸ்பத்திரி வரிக்கு வந்தாள். நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி ஆரம்பித்து முடித்தாள்.

"இதையா நீக்கினோம்?" என்றார் கவர்னர். "யாரு?"

சொல்லாமல் இருக்கலாம். இயந்திரம் வாய் திறக்காது, தம்பி காட்டிக்கொடுக்க மாட்டான். இரண்டு மூன்று வினாடி அவளும் அப்படி நினைத்துப் பார்த்தாள்.

"நான்தான் சார்."

அந்தப் பக்கம் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது. "மணி என்ன?" என்றார் கவர்னர்.

"ஒண்ணு நாப்பத்தேழு."

"எனக்கு எழுத்தே தெரியலையேம்மா. இரு." அப்புறம் அவர் யாரிடமோ பேசினார். "சிஸ்டர், சிஸ்டர், ஒரு நிமிஷம். இந்த ஃபோன்ல ஒரு பக்கத்தைத் திறக்கணும். நான் சொல்றேன், நீங்க தொடுங்க."

"உங்க டர்ன் வர நேரம் ஆகும் சார், உக்காருங்க" என்றது ஒரு பெண் குரல்.

"டர்ன் இல்லம்மா, இது ஒருத்தன் பொழைப்பு."

அக்கா மேசைக்கு அடியிலிருந்தே அந்தச் சிஸ்டருக்கு வழி சொன்னாள். மேலே மூன்று கோடு, அதில் நிர்வாகம், அதில் நீக்கியவை. சிஸ்டருக்குக் கை நிதானம். எந்த அவசரமும் இல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுத்தினாள். கடவுச்சொல் கேட்டது. கவர்னர் அதைச் சத்தமாகச் சொல்ல யோசித்தார். யோசித்தார் என்றால், மணி ஒன்று ஐம்பதாகும் வரை.

"சார்!" என்றாள் அக்கா.

சொன்னார். அது அவருடைய மனைவி பெயரும் கல்யாண வருஷமும். சிஸ்டர் சிரித்தாள். "மீட்கன்னு பச்சையா ஒண்ணு இருக்கு, அதா?" என்றாள்.

"அதேதான். தொடுங்கம்மா."

ஒன்று ஐம்பத்தொன்றுக்கு ஒட்டகத்தின் பதிவு மன்றத்துக்குத் திரும்ப வந்தது, படத்தோடு, தேதியோடு. அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். முதுகெல்லாம் வேர்த்திருந்தது.

"அதோட விடு" என்றார் கவர்னர், குரலை இறக்கி. "சத்தமில்லாம வச்சாச்சு. நிர்வாகம் மீட்டதுன்னு இருக்கட்டும். நீ அந்தக் கம்பெனிச் சம்பளம் வாங்கறவ. உன் கம்பெனி குத்தத்தை மறைக்கத்தான் நீக்கினேன்னு இவங்க சொல்லுவாங்க, கம்பெனியைக் காட்டிக்குடுத்தேன்னு அவங்க சொல்லுவாங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிதான். உன் பேரு எதுக்கு?"

நியாயமான பேச்சு. அவள் மேல் இருக்கிற அக்கறையில் சொன்னதுதான். அந்த மூன்று வாரத் திட்டு அக்காவுக்கும் மறக்கவில்லை. இன்றைக்கும் தெரியாத நம்பர் வந்தால் ஒரு கணம் கை நிற்கும். வீட்டில் இவள் சம்பளத்தில்தான் அம்மாவின் வைத்தியம் நடக்கிறது.

ஆனால் தம்பி சொன்னது காதிலேயே நின்றது. சூபர்வைசர் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியாதா? கூட்டாளிகளை வைத்து நேற்று ஏற்றியது என்பான். அப்போது எழுந்து நின்று, இல்லை, அன்றைக்கே போட்டதுதான் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். நிர்வாகம் எழுந்து நிற்குமா? நிர்வாகத்துக்குக் கால் ஏது?

"எம் பேர்லயே எழுதறேன் சார்" என்றாள்.

கவர்னர் பெருமூச்சு விட்டார். "எழுது. நானும் எத்தனை புள்ளி வச்சிருக்கேன்னு எனக்கே தெரியாது. தம்பிகிட்ட சொல்லி அந்த நீக்கல் பதிவேட்டை எல்லாருக்கும் திறந்து விடச் சொல்றேன். இனிமே எவன் நீக்கினாலும் பேரும் காரணமும் வெளியே நிக்கட்டும்." கொஞ்சம் பொறுத்து, "திட்டு விழும்" என்றார்.

"விழட்டும் சார்."

ஆறு வருஷமாகத் தொடாமல் கிடந்த தன் சொந்தக் கணக்கைத் திறந்து, ஒட்டகத்தின் பதிவுக்குக் கீழே எழுதினாள். இந்தப் பதிவு இன்ன தேதியில் போடப்பட்டது. இன்ன தேதியில் நான் நீக்கினேன். இன்றைக்கு மற்ற இருவர் மீட்டார்கள். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. இதை எழுதியவரை விலக்கியதும் நான்தான், விலக்கு நீக்கப்பட்டது. கடைசியில் தன் பெயரையும், இன்ன கம்பெனியில் இன்ன வேலை என்பதையும் எழுதினாள். அனுப்பிய இரண்டாவது நிமிஷமே எண்ணெய் டப்பா வந்து, "அப்ப இத்தனை நாளா கம்பெனி ஆளுதான் எங்க வாயை அடைச்சதா? வேலியே பயிரை மேயுது" என்று எழுதினான். அதற்குக் கீழே வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஃபோனை மூடிவிட்டு மீதி நேரத்துக்குப் புகார்களை எடுத்தாள். ஐந்தாறு எடுத்திருப்பாள், ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

மூன்று அடித்ததும் எதிர் மேசைப் பெண்ணிடம் "என் லைனையும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். மேலாளர் அறை மூன்றாவது மாடி. லிஃப்ட் கம்பெனியின் சொந்த லிஃப்ட் இரண்டு வாரமாக ஓடவில்லை. படியேறினாள்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். மேலாளர், சூபர்வைசர், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கால் மேசையில் இடிக்கிற உயரத்தில் ஒருவன். ஏன் ஒட்டகம் என்று இப்போதுதான் புரிந்தது. அவனுக்கு எதிரே ஒரு காகிதம் இருந்தது, பேனாவும் பக்கத்தில் இருந்தது. கையெழுத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

"அந்தப் பதிவு நேத்து ஏத்தினதா இருக்கும் சார்" என்று சூபர்வைசர் சொல்லிக்கொண்டிருந்தான். "நாலு சேக்காளி இருந்தா எந்தத் தேதியும் போட்டுக்கலாம்." அப்புறம் இவளைப் பார்த்து, "என்னம்மா? ஃபோனை யார் எடுக்கறது?" என்றான்.

"அது போன மாசம் போட்டதுதான்" என்றாள் அக்கா. "நான்தான் நீக்கினேன். எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

மேலாளர் அவளிடம் ஃபோனை வாங்கி, பதிவைப் படித்தார். படத்தைப் பெரிதாக்கிச் சரக்கு நம்பரைப் பார்த்தார். மேசை மேல் கிடந்த விபத்துக் கோப்பைத் திறந்து ஒப்பிட்டார். சூபர்வைசர் ஏதோ சொல்ல வந்தான். "நீங்க இருங்க" என்றார். அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து மடித்து வைத்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"நீங்க எதுக்கு நீக்கினீங்க?"

சொல்வதற்குப் பதில் தயாராக இருந்தது. மூன்று பேர் புகார் கொடுத்தார்கள், முதல் வரியில் கெட்ட வார்த்தை, விதிப்படி நீக்கினேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. படியேறும்போது அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். "முதல் வரிக்கு மேல படிக்கலை."

உயரமானவன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். நன்றி சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. திட்டுவான் என்று நினைத்தாள், அதற்குத் தயாராகவும் இருந்தாள். அவன் திட்டவில்லை. ஃபோனில் கேட்டுப் பழகிய அதே குரலில், புகார் விவரம் கேட்கிற மாதிரி கேட்டான்.

"அக்கா, அன்னைக்கு முழுசாப் படிச்சிருந்தா மேல சொல்லியிருப்பீங்க இல்ல?"

"சொல்லியிருப்பேன்."

"லிஃப்டை நிறுத்தியிருப்பாங்க."

"ஆமா."

"அந்த அம்மா நடந்துக்கிட்டிருப்பாங்க."

மேலாளரின் பேனா நின்றுவிட்டது. அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றாள். "அதையும் எழுதிக்குங்க சார்."